எந்த மாத்திரையை விடலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர் நான். உங்கள் அறையை விட்டு வெளியே வந்த பிறகு அந்தச் சீட்டு என்ன ஆகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் குறைவு. எனக்கு அது தினமும் கண்முன்னால் நடக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

கையில் காசு குறைவாக உள்ள ஒருவர், ஐந்து மருந்து எழுதிய சீட்டை நீட்டுவார். மொத்தம் எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் கேட்பார். தொகையைச் சொன்னதும் சீட்டைத் திரும்ப வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் ஒருமுறை பார்ப்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதுல எது முக்கியம்?" என்பார். இது எப்போதாவது நடப்பதல்ல. மாதக் கடைசியில் அடிக்கடி கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. அவருக்கு என்ன நோய், எவ்வளவு முற்றியிருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, போன மாதம் எதற்காக டோஸை மாற்றினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். என் கையில் இருப்பது ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்குத் தயக்கம். பதில் சொல்லாவிட்டாலோ அவரே முடிவு செய்துவிடுவார். வருமானம் குறைந்தவர்கள் உங்கள் மருந்துகளில் சிலவற்றை வாங்கி, சிலவற்றை விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தத் தேர்வில் நீங்களும் பங்கெடுங்கள் என்பதே என் வேண்டுகோள். இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் அதற்கான விளக்கம்தான்.

அவர்களாகவே தேர்ந்தெடுக்கும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். சாப்பிட்ட உடனே உடம்புக்குத் தெரியும் மருந்தை வாங்குகிறார்கள், தெரியாததை விடுகிறார்கள். மூட்டு வலி மாத்திரையை வாங்குவார்கள், வயிற்றெரிச்சல் மாத்திரையையும் வாங்குவார்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் "அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்" என்று தள்ளிப்போடுவார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலி தாங்காமல் வேலைக்குப் போக முடியாதவருக்கு வலி மாத்திரைதான் அன்றைய கூலியைக் காப்பாற்றுகிறது. ஆனால் மூட்டு வலிக்கு வழக்கமாக எழுதப்படும் மாத்திரைகளில் பல, ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. ஆக, அழுத்தத்தை ஏற்றும் மருந்து வீட்டுக்குப் போகிறது, இறக்கும் மருந்து கடை அலமாரியிலேயே இருக்கிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்து எழுதியபோது போட்ட கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஆஸ்துமாவிலும் இதே கதைதான். இரண்டு இன்ஹேலர் எழுதியிருப்பீர்கள். ஒன்று மூச்சுத் திணறும்போது மூச்சுக்குழாயை உடனே திறக்கச் செய்வது. இன்னொன்று தினமும் இழுத்து, உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிப்பது. உடனே பலன் தெரியும் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். அதை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்பதால்தான் 2019-ல் ஆஸ்துமாவுக்கான ஜினா உலக வழிகாட்டுதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அந்த மருந்தைத் தனியாகக் கொடுக்கும் பழக்கத்தையே கைவிடச் சொன்னது. உங்களுக்கு இது தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது.

விடுவது ஒரு வழி என்றால் நீட்டிப்பது இன்னொரு வழி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவார்கள். இரண்டு வேளையை ஒரு வேளையாக்குவார்கள். மாத்திரையைப் பாதியாக உடைப்பார்கள். மெதுவாகக் கரைவதற்காகவே செய்யப்பட்ட மாத்திரையை உடைத்தால், நாள் முழுக்க வர வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடக்கூடும். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நோய் என்றால் ஒரே அட்டையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இன்சுலினை இரண்டு யூனிட், மூன்று யூனிட் என்று குறைத்துப் போட்டு, ஒரு குப்பியைக் கூடுதல் நாள் ஓட்டுவார்கள். முதல் வகைச் சர்க்கரை நோயில் இப்படிச் செய்வது உயிருக்கே உலை வைக்கும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலைந்துவிடக்கூடும். இதய நோயாளி, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் நெஞ்சுவலி முன்னைவிட மோசமாகத் திரும்பக்கூடும். கொழுப்பு மாத்திரையை ஒரு வாரம் விட்டால் பொதுவாக அந்த அளவுக்கு எதுவும் ஆகிவிடாது. சீட்டில் இந்த மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரி எழுத்தில், ஒரே மாதிரி வரிகளில்தான் இருக்கின்றன. எதை ஒரு நாள்கூட விடக்கூடாது, எது ஒரு வாரம் பொறுக்கும் என்று அதைப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு அடுத்து நடப்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அவர் திரும்பவும் உங்களிடம் வருகிறார். ரத்த அழுத்தம் குறையவில்லை, சர்க்கரையும் இறங்கவில்லை. மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டுகிறீர்கள், அல்லது இன்னொரு மருந்தைச் சேர்க்கிறீர்கள். மூன்றை வாங்க முடியாதவர் இப்போது நான்கு எழுதிய சீட்டோடு என்னிடம் வருகிறார். அதிலும் இரண்டைத்தான் வாங்குகிறார். அடுத்த முறை ஐந்தாகிறது. பிறகு ஒரு நாள் கையில் பணம் வந்து, எல்லா மருந்தையும் எழுதியபடியே வாங்கிச் சாப்பிடுகிறார். அல்லது வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கிறார்கள், அங்கே செவிலியர் பட்டியலில் உள்ள அத்தனையையும் வேளை தவறாமல் கொடுக்கிறார். அதுவரை பாதி மருந்துக்கே பழகிய உடம்பு, முழு டோஸில் தலைசுற்றி விழுகிறது, அல்லது சர்க்கரை தாழ்ந்து மயங்குகிறது. அவர் சாப்பிடாத மருந்துகளை எல்லாம் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டு போட்ட கணக்கின் விளைவு இது.

உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில், வளர்ந்த நாடுகளில்கூட நாள்பட்ட நோய்களுக்கு மருந்தை ஒழுங்காகத் தொடர்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று சொன்னது. அதற்குக் காரணங்கள் பல. மறதி, பக்க விளைவு, நம்பிக்கையின்மை எல்லாம் உண்டு. அதில் பணம் என்ற காரணத்தை மட்டும்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

ஏன் சொல்வதில்லை? வெட்கம் முதல் காரணம். உங்கள் முன்னால் உட்கார்ந்து "வாங்க முடியாது" என்று சொல்ல நாக்கு எழாது. அதிலும் பக்கத்தில் அடுத்த நோயாளி உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சொன்னால் இனி நம்மைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ, மட்டமான மருந்தாக எழுதிவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. எழுதியதைத் தவிர வேறு வழியே இல்லை என்று நம்புகிறவர்களும் நிறைய. டாக்டர் எழுதினால் எழுதியதுதான், அதற்குப் பதிலாக வேறொன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை.

இன்னொரு பக்கம், மருந்தின் விலை உங்களில் பலருக்கே தெரிவதில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. மருத்துவப் படிப்பில் அதற்குப் பெரும்பாலும் அதிக இடம் கிடைப்பதில்லை, விலையும் மாறிக்கொண்டே இருக்கிறது. பல நாடுகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான ஒரு மதிப்பாய்வு, விலை குறைந்த மருந்துகளின் விலையை மருத்துவர்கள் கூடுதலாகவும், விலை உயர்ந்த மருந்துகளின் விலையைக் குறைவாகவும் ஊகிக்கிறார்கள் என்று கண்டது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மலிவானதற்கும் விலை உயர்ந்ததற்கும் இடையே உள்ள தூரம் உங்கள் மனதில் சுருங்கிவிடுகிறது. பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்து எழுதும் மருந்து, எங்கள் பில்லில் பல மடங்காக வந்து நிற்கிறது. நீங்கள் அடிக்கடி எழுதும் மருந்துகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே சில டஜன் மருந்துகள்தான். அவற்றின் விலையை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மருந்துக்கடையில் கேட்டால் சந்தோஷமாக எழுதித் தருவார்கள்.

அப்புறம், நோயாளியிடம் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "வாங்க முடியுமா?" என்றால் எல்லோரும் "முடியும்" என்றுதான் சொல்வார்கள். "நிறையப் பேருக்கு எல்லா மருந்தையும் மாதாமாதம் வாங்குவது கஷ்டமாக இருக்கிறது. போன மாதம் உங்களுக்கு எது விட்டுப்போனது?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போவது சகஜம் என்று நீங்களே சொல்லிவிட்டால், அவருக்கு மறைக்கும் தேவை போய்விடும். அடுத்த முறை வரும்போது மிச்சம் இருக்கும் அட்டைகளை எடுத்துவரச் சொல்லுங்கள். டோஸைக் கூட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். சேர்க்க வேண்டிய மருந்து ஒன்றுமில்லை, ஏற்கெனவே எழுதியது வாங்கப்படவில்லை என்பது பல நேரம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி சீட்டுக்கு வருகிறேன். மருந்துகளை முக்கியத்துவ வரிசையில் எழுதுங்கள். எதை ஒரு நாளும் விடக்கூடாதோ அது முதலில் வரட்டும். பக்கத்தில் "நிறுத்தக் கூடாது" என்று அவருக்குப் புரியும் மொழியில் இரண்டு சொல் எழுதுங்கள். தேவைப்பட்டால் மட்டும் சாப்பிட வேண்டியதைக் கடைசியில் போட்டு, "வலி இருந்தால் மட்டும்" என்று எழுதுங்கள். பணம் வந்தால் வாங்கலாம் என்ற நிலையில் ஒரு மருந்து இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இதற்கு எந்தச் செலவும் இல்லை, புதிதாக எந்தச் சட்டமும் வேண்டாம். அந்த ஒரு வரிசை இருந்தால், "எது முக்கியம்?" என்ற கேள்விக்கு நான் தயங்காமல் பதில் சொல்வேன். நான் இல்லாவிட்டாலும் சீட்டே சொல்லும்.

வரிசைப்படுத்த உட்காரும்போது இன்னொரு நன்மையும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். எந்த இடத்திலும் வைக்க முடியாத மருந்துகள் சில சீட்டில் இருப்பது உங்கள் கண்ணில் படும். நான் தினமும் பார்க்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுக்கப்படுகிறது. சிலருக்கு அதனால் கால் வீங்கும். வீக்கத்தை வேறு நோயாக நினைத்துச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சேர்க்கப்படுகிறது. அதனால் பொட்டாசியம் இறங்குகிறது, உடனே பொட்டாசியம் மருந்து வருகிறது. ஒரு மருந்தின் பக்க விளைவுக்காக இன்னொரு மருந்து, அதன் பக்க விளைவுக்காக மூன்றாவது. இந்தச் சங்கிலியைப் பற்றி மருத்துவ இதழ்கள் 1990-களிலிருந்தே எச்சரித்து வருகின்றன. முதல் மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ, பின்னால் வந்த இரண்டும் தேவையே இல்லாமல் போகலாம். வசதி உள்ளவருக்கு இது கூடுதலாக இரண்டு மாத்திரை, அவ்வளவுதான். இல்லாதவருக்கு, அந்த இரண்டு மாத்திரைக்குப் போகும் காசு, உயிர்காக்கும் ஒரு மருந்தின் காசு.

சத்து மாத்திரைகளையும் டானிக்குகளையும் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. குறைபாடு இருக்கிறது என்று தெரிந்து எழுதுவது வேறு. சீட்டு நிறைவாகத் தெரிவதற்காக எழுதுவது வேறு. என் அனுபவத்தில், பில்லில் பெரிய தொகை பல நேரம் அந்த வரியில்தான் இருக்கிறது. அதைவிட வருத்தம், நோயாளிகள் அதை விடாமல் வாங்குகிறார்கள் என்பது. சத்து என்றால் நல்லது என்று அவர்களுக்குத் தெரியும், மற்ற பெயர்கள் எதுவும் புரிவதில்லை.

அடுத்தது பழைய மருந்துகள். மலிவான மருந்து என்றால் இரண்டாம் தர மருந்து என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டும் இல்லை. ஆல்ஹாட் ஆய்வை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2002-ல் முடிவு வெளியானது. உயர் ரத்த அழுத்தமும் அதோடு இன்னொரு இதய நோய் அபாயமும் கொண்ட 33,000-க்கும் அதிகமானவர்களிடம், சிறுநீர் பிரிக்கும் பழைய மாத்திரையான குளோர்தாலிடோனை அன்றைய புதிய மருந்துகளான அம்லோடிபின், லிசினோபிரில் ஆகியவற்றோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்பையும் இதய நோய் மரணத்தையும் தடுப்பதில் மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் பழைய மாத்திரை அம்லோடிபினைவிட மேலாகவே இருந்தது. சோடியம், பொட்டாசியம் அளவைக் கவனிக்க வேண்டும் என்பது உண்மைதான். இன்று அந்த மூன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் பிறகு வந்த, இன்னும் விலை உயர்ந்த ஒன்றைத்தான் பல சீட்டுகளில் முதல் மருந்தாகப் பார்க்கிறேன்.

வயிற்றெரிச்சலுக்கு எழுதும் மருந்திலும் இதைக் காணலாம். ஒமிப்ரசோல் என்பது ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போன்ற இரண்டு மூலக்கூறுகளின் கலவை. அதன் காப்புரிமை முடியும் தறுவாயில், அந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து எசோமிப்ரசோல் என்ற பெயரில் 2001-ல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரண நெஞ்செரிச்சலோடு வருபவருக்குப் பழையதே போதும். புதிய பெயரில் வரும் எல்லாமே புதிய மருந்து இல்லை.

எது தேவை என்று சலித்துப் பார்க்கும் வேலையை யாரோ ஏற்கெனவே செய்தும் வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை 1977-ல் வெளியிட்டது. அப்போது சுமார் 200 மருந்துகள் இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு, இப்போது எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. பலன், பாதுகாப்பு, செலவு மூன்றையும் எடைபோட்டுத்தான் ஒரு மருந்து அதில் இடம்பிடிக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2019-ல் முடிவு வந்தது. பணமில்லாததால் மருந்தை விட்டுவிட்டதாகச் சொன்ன 786 பேரை எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட அத்தியாவசியப் பட்டியல் ஒன்றிலிருந்த மருந்துகளைப் பாதிப் பேருக்கு ஓராண்டு இலவசமாகக் கொடுத்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் அவர்களில் 38.2 சதவீதம், மற்றவர்களில் 26.6 சதவீதம். ரத்த அழுத்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு அழுத்தமும் குறைந்தது. இலவசமாகக் கொடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். விலை ஒன்றுதான் தடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் நகர்த்த வேண்டிய தடை அதுதான், நீங்கள் கை வைத்தால் கொஞ்சமாவது நகரக்கூடியதும் அதுதான்.

ஜெனரிக் மருந்துகளைப் பற்றி, அதாவது முதலில் ஒரு கம்பெனி கொண்டுவந்த மூல மருந்தையே பிற கம்பெனிகள் மலிவாகச் செய்து விற்பதைப் பற்றி, உங்களில் சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் அடிக்கடி என் காதில் விழும் ஒரு தவறைத் திருத்தியாக வேண்டும். "ஜெனரிக்கில் 80 சதவீதம் மருந்து இருந்தாலே போதும் என்று விதி இருக்கிறதே" என்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. மூல மருந்தோடு ஒப்பிடும்போது ரத்தத்தில் சேரும் அளவின் விகிதத்துக்கு 90 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, கணக்கிடுகிறார்கள். அந்த இடைவெளி முழுவதும் 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் உள்ளே விழ வேண்டும். அது நடக்க வேண்டுமென்றால் சராசரி 100-ஐ ஒட்டியே இருந்தாக வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 1996 முதல் 2007 வரை ஒப்புதல் பெற்ற ஜெனரிக் மருந்துகளின் 2,070 ஆய்வுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. ரத்தத்தில் சேரும் மொத்த அளவில் மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் இருந்த சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான்.

இதனால் எல்லா இடத்திலும் எல்லா ஜெனரிக்கும் நம்பகமானது என்று ஆகிவிடாது. தரம் என்பது கண்காணிக்கும் அமைப்பைப் பொறுத்தது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரம் குறைந்ததாகவோ போலியாகவோ இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மதிப்பிட்டது. பெயர்பெற்ற கம்பெனி மருந்துகளிலும் போலி உண்டு, சொல்லப்போனால் போலி செய்பவர்களுக்குப் பிரபலமான பெயர்தான் லாபம். வலிப்பு மருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டு ஹார்மோன், உறுப்பு மாற்று அறுவை செய்தவர்கள் சாப்பிடும் மருந்து போன்றவற்றில் மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்றுவது நல்லதல்ல. ஒன்றில் நிலைநிறுத்தி, மாற்றினால் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சில மருந்துகளுக்கு "மாற்ற வேண்டாம்" என்று எழுதுங்கள். மற்றவற்றைக் கம்பெனிப் பெயர் இல்லாமல், மருந்தின் பொதுப்பெயரில் எழுதுங்கள். பல நாடுகளில், நீங்கள் கம்பெனிப் பெயரை எழுதிவிட்டால் அதே மருந்தை மலிவான பெயரில் கொடுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. அலமாரியில் மலிவானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கொடுக்க முடியாது.

கம்பெனிப் பிரதிநிதிகள் தரும் சாம்பிள்களை ஏழை நோயாளிகளுக்கு எடுத்துக் கொடுப்பது இரக்கத்தால் செய்யும் காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சாம்பிளாக வருவது பெரும்பாலும் புதிய, விலை உயர்ந்த மருந்து. பத்து நாள் இலவசம், பதினோராம் நாள் அதே அட்டையின் உறையை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார். நாள்பட்ட நோய்க்கு இப்படித் தொடங்க வேண்டாம். தொடர முடிகிற மருந்திலேயே தொடங்குங்கள்.

விலை உயர்ந்த மருந்துதான் தேவை என்ற இடங்களும் உண்டு. இதயச் செயலிழப்பிலும் சிறுநீரக நோயிலும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மருந்துகள் தரும் பலனைப் பழைய சர்க்கரை மருந்துகள் தருவதில்லை. அங்கே மலிவானதை எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. இது ஏன் வேண்டும் என்று அவருக்கு விளக்குங்கள், அதற்கு இடம் கொடுக்க வேறு எதை நிறுத்தலாம் என்று பாருங்கள். அரசு மருத்துவமனை, காப்பீட்டுத் திட்டம், கம்பெனிகளே நடத்தும் உதவித் திட்டம், அறக்கட்டளை என்று ஏதாவது வழி பெரும்பாலான இடங்களில் இருக்கும். ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து இல்லாமல் அதில் பல நகராது. உங்கள் மருத்துவமனையில் யாராவது ஒருவர், அது வரவேற்பில் இருப்பவராகக்கூட இருக்கலாம், இந்த வழிகளை எல்லாம் தெரிந்துவைத்திருக்கட்டும். நோய் வந்த பிறகு ஒவ்வொருவரும் தனியாக அலைந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடுவது பெரிய கொடுமை.

மருந்தின் விலையைத் தவிர வேறு செலவும் உண்டு. உங்களைப் பார்க்க வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும், போகவர வண்டிச் செலவு. நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதினால் அது பெரிய உதவி. மொத்தமாக வாங்கக் காசில்லாதவருக்கு அதே சீட்டை வைத்து மாதாமாதம் நாங்கள் கொடுப்போம், அப்படி எழுதிவிடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிவையுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். வெளியே வரிசை நிற்பது எனக்கும் தெரியும். ஆனால் வாங்கப்படாத மருந்துக்காகவே ஒருவர் உங்களிடம் திரும்பத் திரும்ப வரும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மறுப்பை ஒரு மருத்துவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். "நோயாளியின் பணத்தைப் பார்த்து மருந்து எழுதினால் ஏழைக்கு ஒன்று, பணக்காரருக்கு ஒன்று என்று ஆகிவிடாதா? நான் எல்லோருக்கும் ஒரே சிகிச்சைதான் எழுதுவேன்." அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதப்படுகிறது, எல்லோரும் ஒரே மருந்தைச் சாப்பிடுவதில்லை. வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. அது உங்கள் மேசையில் தெரியாமல் எங்கள் கவுண்டரில் தெரிகிறது. பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்தை முதலில் எழுதுவது ஏழைக்கு மட்டுமான வழியும் அல்ல. அதைப் பணக்காரருக்கும் எழுதலாம். அவருக்கும் அது அதே வேலையைத்தான் செய்யும்.

2023-ல் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, மருத்துவச் செலவால் பண நெருக்கடிக்கு ஆளாகிறவர்கள் உலகில் சுமார் 200 கோடிப் பேர் என்றது. விலையை நிர்ணயிப்பவர்கள், காப்பீட்டை வடிவமைப்பவர்கள், அரசுகள் என்று பலர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் மடல்கள் எழுத வேண்டியிருக்கிறது. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், நீங்கள் நினைத்தால் நாளைக் காலை முதல் நோயாளியிடமே தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. சீட்டில் உங்களைத் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், அதை எடுத்துப் பேச ஒருவரை வையுங்கள். மருந்தை வாங்க முடியாமல் ஒருவர் நிற்கும்போது, "இதற்குப் பதில் இதைக் கொடுக்கலாமா?" என்று நான் கேட்க வேண்டும். இப்போது பல சீட்டுகளில் எண்ணே இல்லை. இருந்தாலும் யாரும் எடுப்பதில்லை. "சார் பிஸியாக இருக்கிறார், நோயாளியையே திரும்ப வரச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அவர் திரும்ப வருவதில்லை, அந்த மருந்து இல்லாமலேயே வீட்டுக்குப் போய்விடுகிறார். நாள் முழுக்க எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று நேரம் குறித்துக் கொடுங்கள். கேட்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்து அந்த நேரத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டுகளைப் படிக்கும் ஒரு மருந்தாளுநர்